தைத்து அரசியின் தண்ணீர்: எத்தியோப்பியாவில் எட்டு நாள்

முதல் நாள், அடிஸ் அபாபா

நாங்கள் தங்கியிருக்கும் விடுதியே அவர் பெயரில்தான் இருக்கிறது. இத்தெகே தைத்து ஹோட்டல். இத்தெகே என்றால் பட்டத்தரசி. பழைய கடைவீதியான பியாசா பகுதியில், மரப்படிகள், மரத்தளம், உயரமான கூரை என்று நூறு வயதைத் தாண்டி நிற்கிறது. எத்தியோப்பியாவின் முதல் ஹோட்டல் இதுதான். 1898-ல் தொடங்கியதாக ஒரு கணக்கு, 1907 என்று இன்னொரு கணக்கு. 2015 ஜனவரியில் தீப்பிடித்து ஒரு பகுதி எரிந்துபோனது. நல்லவேளை, முழுதாகப் போய்விடவில்லை.

எத்தியோப்பியப் பேரரசி தைத்து பெத்துல் பற்றிப் பல வருஷங்களாகப் படித்து வருகிறேன். வீட்டில் அவரைப் பற்றிப் பேசிப் பேசி அம்மாவுக்கும் பழகிவிட்டது. "அந்த ராணி எங்கே குளிச்சாங்க, எங்கே சண்டை போட்டாங்கன்னு நீ சொல்லிக்கிட்டே இருக்கே, என்னையும் கூட்டிக்கிட்டுப் போயேன்" என்றாள். எழுபத்திரண்டு வயது, இரண்டு முழங்காலிலும் வலி. சரி, மெதுவாகவே சுற்றுவோம் என்று கிளம்பி வந்துவிட்டோம்.

விடுதியைப் பற்றி இங்கே ஒரு கதை சொல்கிறார்கள். வந்தவருக்குச் சோறு போடுவது கடமை, சோற்றுக்குக் காசு வாங்குவது கேவலம் என்று இருந்த ஊர் இது. தைத்து ஹோட்டலைத் திறந்தபோது ஒருத்தரும் வரவில்லையாம். கடைசியில் அவர் கணவர், பேரரசர் மெனலிக்கே பிரபுக்களைக் கூட்டிக்கொண்டு வந்து, உட்கார்ந்து சாப்பிட்டு, எல்லோரும் பார்க்கப் பணத்தை எடுத்துக் கொடுத்தாராம். அதற்கப்புறம்தான் மற்றவர்களுக்குக் கூச்சம் விட்டது.

மதியம் அதே கூடத்தில் நோன்புச் சாப்பாடு. இங்கே ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளிகளில் இறைச்சி, பால், முட்டை எதையும் தொடமாட்டார்கள். அதனால் சைவக்காரர்களுக்குக் கவலையே இல்லை. இஞ்செரா என்ற பெரிய புளித்த தோசையின் மேல் பருப்பு, கீரை, கடலை மாவில் செய்த ஷிரோ. அம்மா இஞ்செராவைக் கிள்ளி முகர்ந்து பார்த்து, "மாவு மூணு நாள் புளிச்சிருக்கும்" என்றாள். பரிமாறிய பெண்ணிடம் கேட்டேன். ஆமாம், மூன்று நாள்.

இரண்டாம் நாள், ஃபில் வுஹா

காலையில் அம்மாவை வெந்நீர்க் குளியலுக்குக் கூட்டிப்போனேன். ஃபில் என்றால் கொதிக்கிற, வுஹா என்றால் தண்ணீர். நகரத்தின் நடுவில் பூமிக்குள்ளிருந்து வரும் வெந்நீர் ஊற்று. சுற்றிலும் பொதுக் குளியலறைகள் கட்டியிருக்கிறார்கள். சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தால் முறை வரும்போது கூப்பிடுகிறார்கள். பக்கத்தில் இருந்த பாட்டிகளில் பாதிப் பேர் அம்மாவைப் போலவே முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மொழி தெரியாவிட்டாலும் யாருக்கு எந்தக் கால் என்று ஐந்து நிமிஷத்தில் எல்லோரும் தெரிந்துகொண்டார்கள்.

இந்த ஊற்றால்தான் இந்த நகரம் வந்தது. அதைச் சொல்ல, தைத்து யார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1851 வாக்கில் பிறந்தவர். வடக்கே பெரிய வீட்டுப் பெண். அப்பா பெத்துல் ஹைலே மரியம். பெரியப்பா வுபே, செமியென் மலைநாட்டையும் திக்ராயையும் ஆண்டவர். 1855-ல் தெவோத்ரோஸ் அந்த வுபேயைத் தோற்கடித்துவிட்டுப் பேரரசராக முடிசூடிக்கொண்டார். குழந்தையாக இருக்கும்போதே தைத்துவின் குடும்பம் இப்படி விழுந்தது. பெண்கள் படிப்பது அரிதான காலத்தில் கோயில் மொழியான கீஸ் படித்தார். பேகெனா என்ற பெரிய யாழை வாசிப்பார், சதுரங்கம் ஆடுவார். இதற்கு முன்பும் சில மணங்கள் நடந்து முறிந்திருந்தன. 1883-ல், முப்பது வயது கடந்தபின், அங்கோபரில் மெனலிக்கை மணந்தார். மெனலிக் அப்போது தெற்கே ஷோவாவுக்கு மட்டும்தான் அரசர். வடக்கத்திப் பிரபுக் குலங்களோடு உறவு அவருக்குத் தேவைப்பட்டது. அது தைத்துவோடு வந்தது.

அரசவை அப்போது எந்தொத்தோ மலைமேல் இருந்தது. பாதுகாப்பான இடம்தான், ஆனால் குளிர், காற்று, விறகுக்கும் தண்ணீருக்கும் திண்டாட்டம். தைத்துவுக்குக் கீழே சமவெளியில் இருந்த இந்த வெந்நீர் ஊற்று பிடித்துப்போனது. 1886-ல் மெனலிக் ஹரார் பக்கம் படையெடுத்துப் போயிருந்த சமயம், ஊற்றின் அருகே வீடு கட்டிக்கொண்டு தங்கினார். அந்த இடத்துக்கு அடிஸ் அபாபா, புதுப் பூ, என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அரசி இறங்கி வந்ததும் பிரபுக்கள் ஒவ்வொருவராகப் பக்கத்தில் இடம் பிடித்தார்கள். கொஞ்ச வருஷத்தில் தலைநகரமே கீழே வந்துவிட்டது.

ஆனால் அந்த இடத்துக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. இங்கே வாழ்ந்த ஒரோமோ மக்கள் ஃபின்ஃபின்னே என்றார்கள். அதற்கும் ஊற்று என்றுதான் பொருள். இன்றும் அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். நகரம் வளர வளர அவர்கள் நிலம் கைவிட்டுப் போனது. எனக்குத் தைத்துவின் மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும், புதுப் பூ என்ற பெயரை எழுதும்போது பழைய பெயரையும் சேர்த்து எழுதத் தோன்றுகிறது.

அம்மா குளித்துவிட்டு முகமெல்லாம் சிவந்து வந்தாள். படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கினாள்.

மூன்றாம் நாள், பழைய அரண்மனை

ஓட்டுநர் "மூன்று மணிக்கு வருகிறேன்" என்று சொல்லியிருந்தார். இங்கே விடியலிலிருந்து மணி எண்ணுகிறார்கள், மூன்று என்றால் நம் ஒன்பது. நெட்டை இளைஞர். அம்மாவை "எமாமா" என்று கூப்பிடுகிறார். வயதான பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல். அதை விளக்க வேண்டியே இருக்கவில்லை, முதல் தடவையே அம்மா திரும்பிப் பார்த்தாள்.

மெனலிக்கின் அரண்மனை வளாகத்தில் ஒரு பகுதியை 2019 முதல் மக்கள் பார்க்கத் திறந்துவிட்டிருக்கிறார்கள். பெரிய விருந்துக்கூடம் மட்டும் பார்த்தோம். ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே நேரத்தில் இஞ்செராவும் இறைச்சியும் தேன்மதுவும் பரிமாறிய இடம். இந்த விருந்துகளுக்குப் பின்னால் தைத்துவின் சமையற்கட்டு இருந்தது. எந்தப் பிரபு எங்கே உட்கார வேண்டும், யாருக்கு எந்தத் துண்டு என்பதில் எல்லாம் அரசியல் இருந்த காலம். அதைத் தெரிந்து நடத்தியவர் அவர்.

கூடத்தில் உட்கார்ந்து அம்மாவுக்கு வுச்சாலே ஒப்பந்தத்தின் கதையைச் சொன்னேன். 1889 மே மாதம் இத்தாலியோடு மெனலிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம். அதே வருஷம் நவம்பரில் எந்தொத்தோவில் மெனலிக் பேரரசராக முடிசூடினார். இரண்டு நாள் கழித்து தைத்துவுக்கும் முடிசூட்டினார்கள். எத்தியோப்பியாவின் ஒளி என்பது அவருடைய பட்டப்பெயர். ஒப்பந்தத்தின் 17-ஆம் பிரிவுதான் வினை. வெளிநாடுகளோடு பேச இத்தாலியின் உதவியை மன்னர் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று எத்தியோப்பியரின் அம்ஹாரிக் மொழிப் பிரதியில் இருந்தது. பயன்படுத்தியே ஆகவேண்டும் என்ற பொருளில் இத்தாலியப் பிரதி இருந்தது. அதைக் காட்டி, எத்தியோப்பியா எங்கள் பாதுகாப்பில் இருக்கும் நாடு என்று இத்தாலி ஐரோப்பா முழுக்க அறிவித்துவிட்டது.

இத்தாலியத் தூதர் அந்தொனெல்லி சமாதானம் பேச மறுபடி வந்தபோது, தைத்து சபையில் உட்கார்ந்து முகத்துக்கு நேராகப் பதில் சொன்னார். நான் பெண், போரை விரும்புகிறவள் இல்லை, ஆனால் இதை ஏற்றுக்கொள்வதைவிடப் போரே மேல் என்று அவர் சொன்னதைத் தூதரே பதிவு செய்திருக்கிறார். உங்கள் நாட்டுக்கு மானம் இருப்பதுபோல எங்களுக்கும் உண்டு என்பதும் அவர் வாதம். மெனலிக் நிதானமானவர், இழுத்துப் பிடித்துப் பேசிப் பார்ப்பவர். கறாராக "இல்லை" சொல்லும் வேலை மனைவியிடம் இருந்தது. 1893-ல் மெனலிக் ஒப்பந்தத்தையே ரத்து செய்தார்.

"ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டுத்தான் செஞ்சிருப்பாங்க" என்றாள் அம்மா. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

நான்காம் நாள், மெக்கெலே

விமானத்தில் வடக்கே வந்துவிட்டோம். திக்ராய். 2020 நவம்பர் முதல் 2022 நவம்பர் வரை இங்கே நடந்த போரைப் பற்றி யாரிடமும் நாங்களாகக் கேட்கவில்லை. ஊருக்குள் வந்ததும் முதலில் கண்ணில் பட்டவை மஞ்சள் கேன்கள். தெருவோரம் வரிசை வரிசையாக. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிறார்கள். தண்ணீருக்கு இங்கே வுஹா கிடையாது. திக்ரிஞா மொழியில் மாய். எமாமாவும் இல்லை, இங்கத்து ஓட்டுநருக்கு அம்மா "அதெய்", என் தாயே.

நான் பார்க்க வந்தது எந்தா யேசுஸ் குன்றை. உள்ளே பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. நாங்கள் சாலையோரம் வண்டியை நிறுத்திக் கீழேயிருந்தே பார்த்தோம். ஒப்பந்தத் தகராறு கடைசியில் போராகிவிட்டது. அந்தப் போரில் 1895 டிசம்பரில் அம்பா அலகி மலையில் இத்தாலியர் முதல் பெரிய அடி வாங்கினார்கள். பிறகு இந்தக் குன்றின் மேல் இருந்த கோட்டையில் இத்தாலிய மேஜர் கலியானோவின் படை உட்கார்ந்துவிட்டது. 1896 ஜனவரி. எத்தியோப்பியர்கள் ஏறிப் போய்த் தாக்கித் தாக்கிச் செத்தார்கள். கோட்டை அசையவில்லை.

கோட்டைக்குத் தண்ணீர் வந்த ஊற்று மதிலுக்கு வெளியே இருந்தது. அதைப் பிடியுங்கள் என்று சொன்னவர் தைத்து. தன் ஆட்களையே அனுப்பிப் பிடிக்கவைத்தார். இத்தாலியர்கள் ஊற்றை மீட்கப் பார்த்தார்கள், முடியவில்லை. உள்ளே தண்ணீரை அளந்து கொடுத்தார்கள், அப்புறம் அளக்கவும் இல்லை. ஜனவரி முடிவதற்குள் கோட்டை பணிந்தது. மெனலிக் அவர்களை ஆயுதங்களோடு போகவிட்டார்.

குளிக்க எந்த ஊற்று நல்லது என்று பார்த்து நகரம் அமைத்தவர், பத்து வருஷம் கழித்து எந்த ஊற்றை மூடினால் கோட்டை விழும் என்றும் பார்த்திருக்கிறார். படைத்தளபதிகளுக்குப் பீரங்கி கண்ணில் பட்டது. ஒரு பெரிய வீட்டை, பிறகு பெரிய பாசறையை நடத்திய பெண்ணுக்கு இத்தனை பேர் தினமும் எங்கிருந்து குடிக்கிறார்கள் என்ற கேள்வி வந்திருக்கிறது. அன்றாடம் தண்ணீர்க் கணக்குப் பார்க்கிறவர்களுக்குத்தான் அது முதலில் தோன்றும் என்று நினைக்கிறேன்.

அம்மா கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை வெளியே எடுக்கவே இல்லை. "அவங்க எதிரே வச்சு எப்படிக் குடிக்கிறது" என்றாள்.

ஐந்தாம் நாள், அட்வா

காலையிலிருந்து மலைப்பாதை. வழியெல்லாம் தட்டையான உச்சிகள், பாறைக் கட்டைகள், நடுவில் இஞ்செராவுக்கான தானியமான தெஃப் வயல்கள். மாலை வெயிலில் அட்வா வந்தோம். சின்ன ஊர். தலைக்கு மேல் சொலோதா மலை.

ஒரு மேட்டில் வண்டியை நிறுத்தினோம். ஓட்டுநர் கிழக்கே கையை நீட்டி ஒவ்வொரு மலையாகப் பெயர் சொன்னார். 1896 மார்ச் 1, இங்கத்துக் கணக்கில் யெகாத்தித் மாதம் 23. இத்தாலிய ஜெனரல் பரத்தியேரியின் நான்கு படைப்பிரிவுகள், 17,000 பேருக்கு மேல், இரவோடு இரவாக இந்த மலை இடுக்குகளில் நகர்ந்து வந்தன. கிதானே மெரெத் என்ற குன்றின் பெயரில் வரைபடத்தில் குழப்பம். ஜெனரல் அல்பெர்தோனேயின் பிரிவு மற்றவர்களை விட்டு வெகுதூரம் முன்னே போய்த் தனியாக மாட்டிக்கொண்டது. எதிரே சுமார் ஒரு லட்சம் எத்தியோப்பியர்கள். பிற்பகலுக்குள் முடிந்துவிட்டது. இரண்டு இத்தாலிய ஜெனரல்கள் செத்தார்கள், அல்பெர்தோனே பிடிபட்டார். மெக்கெலேயில் தப்பிப் போன கலியானோவும் இங்கேதான் இறந்தார்.

தைத்து தன் சொந்தப் படையோடு வந்திருந்தார், சுமார் 5,000 காலாட்கள். முகத்திரையை விலக்கிவிட்டு, கறுப்புக் குடையின் கீழ் நடந்தே போனதாக அரசவை வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். பின்வரிசை தயங்கியபோது கத்தி ஊக்கப்படுத்தியிருக்கிறார். எல்லோரும் சொல்லும் காட்சி இது, ஓவியங்களிலும் இதைத்தான் வரைகிறார்கள். எனக்கு இன்னொன்று பெரிதாகத் தெரிகிறது. பாசறையில் இருந்த பெண்கள் பத்தாயிரத்துக்கு மேல். அவர்களைத் திரட்டி, முதுகில் கட்டிச் சுமக்கும் மண்குடங்களில் ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவரச் செய்தார் தைத்து. சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே சிப்பாய்களுக்கும் காயம்பட்டவர்களுக்கும் அந்தத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

இந்த நாளின் இருட்டையும் சொல்ல வேண்டும். இத்தாலிக்காகச் சண்டையிட்டுப் பிடிபட்ட எரித்திரிய வீரர்களுக்கு வலது கையையும் இடது காலையும் வெட்டினார்கள். நூற்றுக்கணக்கானவர்கள். தைத்துவைப் பற்றி எழுத வந்து அட்வாவில் வெற்றியை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

இருட்டும்வரை மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆறாம் நாள்

அக்சும் போய் விமானம் ஏறி அடிஸ் திரும்பினோம். விமானம் நான்கு மணி நேரம் தாமதம். அம்மா அசந்து தூங்குகிறாள். எழுத வேறு எதுவும் இல்லை.

ஏழாம் நாள், பாத்தா தேவாலயம்

அரண்மனைக்கு அருகில் கும்மட்டம் வைத்த கோயில். நெத்தெலா என்ற மெல்லிய துப்பட்டாவால் தலையை மூடி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். தரைக்கடியில் பளிங்குக் கல்லறைகள். நடுவில் மெனலிக், இருபுறமும் தைத்துவும் ஸௌதித்துவும்.

ஸௌதித்து மெனலிக்கின் மகள், தைத்து பெற்ற பெண் இல்லை. தைத்துவுக்கும் மெனலிக்குக்கும் பிள்ளைகள் பிறக்கவில்லை. 1900-ல் ஸௌதித்துவைத் தன் அண்ணன் மகன் குக்ஸா வெலேக்குக் கட்டிவைத்தார் தைத்து. நல்ல கணக்குத்தான். மெனலிக்குப் பக்கவாதம் வந்து படுத்தபின் ஆணைகள் எல்லாம் அரசியின் வாயிலிருந்து வந்தன. பேரன் லிஜ் இயாசுதான் வாரிசு என்று மெனலிக் சொல்லியிருந்தார். ஸௌதித்துவும் குக்ஸாவும் வரட்டும் என்பது தைத்துவின் எண்ணம். தன் வடக்கத்தி உறவினர்களைப் பதவிகளில் வைத்தார். ஷோவா பிரபுக்களுக்கு இது பொறுக்கவில்லை. 1910 மார்ச் 21 அன்று ஒன்றுகூடி, இனி நோயாளிக் கணவரைப் பார்த்துக்கொள்வது மட்டும்தான் உங்கள் வேலை என்று சொல்லிவிட்டார்கள்.

அட்வாவில் கூட நின்றவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது. உறவினர்களுக்குப் பதவி கொடுத்தது அவர் மட்டுமா? ராஸ் பட்டம் வைத்திருந்த ஒவ்வொரு பெரிய பிரபுவும் அதைத்தான் செய்தார். அவருக்கு மட்டும் அது குற்றமானது.

மெனலிக் 1913 டிசம்பரில் இறந்தார். தைத்துவை எந்தொத்தோவுக்கு அனுப்பிவிட்டார்கள். 1916-ல் இயாசுவை இறக்கிவிட்டு ஸௌதித்துவைப் பேரரசியாக்கினார்கள். ஆனால் கணவர் குக்ஸாவை விட்டுப் பிரியவேண்டும் என்ற நிபந்தனையோடு. தைத்துவின் ஆள் அரண்மனைக்குள் வரக்கூடாது. குக்ஸா 1930 மார்ச் 31 அன்று கலகத்தில் கொல்லப்பட்டார். ஸௌதித்து ஏப்ரல் 2 அன்று இறந்தார்.

அம்மா தைத்துவின் கல்லறைமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். மேலே வந்தபின் கேட்டாள், "கடைசியில அந்த மலையில யாரு கூட இருந்தாங்க?"

எட்டாம் நாள், எந்தொத்தோ

3,000 மீட்டருக்கு மேல் உயரம். ஏறும்போதே காது அடைத்தது. வழி நெடுக தைலமரங்கள். விறகுப் பஞ்சத்தால் தலைநகரையே மாற்றிவிடலாமா என்று மெனலிக் யோசித்த காலத்தில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்டவை. பஹிர் ஸாஃப் என்கிறார்கள், கடல் தாண்டி வந்த மரம். சுள்ளிக்கட்டை முதுகில் சுமந்து குனிந்தபடி பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

எந்தொத்தோ மரியம் கோயில் எண்கோணக் கட்டடம். மெனலிக்கும் தைத்துவும் முடிசூடிய இடம். பக்கத்து அருங்காட்சியகத்தில் அவர்களுடைய உடைகளும் முரசும் இருக்கின்றன. கொஞ்ச தூரத்தில் அவர்களுடைய பழைய அரண்மனை, வெள்ளையடித்த மண்சுவரும் வைக்கோல் கூரையுமாக. நம் ஊர் பெரிய விவசாயி வீட்டளவுதான் இருக்கும். குளிரும் தண்ணீர்த் திண்டாட்டமும் தாங்காமல் எந்த மலையை விட்டு இறங்கினாரோ, அந்த மலைக்கே அவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கீழே அவர் பெயர் வைத்த நகரம் வளர்வதை இங்கிருந்து பார்த்துக்கொண்டே நான்கு வருஷம் இருந்தார். 1917 நவம்பரில், கொந்தருக்குப் போய் அங்கே கடைசி நாட்களைக் கழிக்க அனுமதி கேட்டார். பிறந்து வளர்ந்த வடக்குச் சீமை. ஸௌதித்து மறுத்துவிட்டார். மூன்று மாதத்தில், 1918 பிப்ரவரி 11 அன்று, இங்கேயே இறந்தார்.

இப்போது இந்த மலை நோய் தீர்க்கும் புனித நீருக்குப் பேர்போனது. தெபெல் என்கிறார்கள். விடிகாலையிலேயே வந்து குளித்துவிட்டு, மஞ்சள் கேன்களில் நிரப்பிக்கொண்டு போகிறார்கள். வெள்ளை உடுத்த ஒரு மூதாட்டி அம்மாவின் கைத்தடியைப் பார்த்துவிட்டு, தன் கேனிலிருந்து நம் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். அம்மா வாங்கி, கொஞ்சம் குடித்து, மிச்சத்தை முழங்காலில் தடவிக்கொண்டாள்.

பார்வை மேட்டில் நின்று நகரத்தைப் பார்த்தோம். புகைமூட்டத்தில் ஃபில் வுஹா எங்கே என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. "கொந்தர் எந்தப் பக்கம்ப்பா?" என்று அம்மா தமிழிலேயே ஓட்டுநரைக் கேட்டாள். ஊர்ப்பெயர் அவருக்குப் புரிந்துவிட்டது. நகரத்துக்கு எதிர்ப்பக்கம், மலைக்குப் பின்னால் கையைக் காட்டினார். அம்மா கைத்தடியை ஊன்றி மெதுவாக வடக்கே திரும்பினாள். அந்தப் பக்கம் மரங்கள் மட்டும்தான் தெரிந்தன. ஓட்டுநர் வண்டியை எடுக்கப் போனார். நாங்கள் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம்.